வைக்கோலைத் தங்கமாக்கிய குள்ளன்: மந்திரத்தை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சும்?

செம்பருத்தி:

வணக்கம். ஒரு குறுநாவல் எழுத ஆரம்பித்து எட்டு மாதமாகிறது, நாற்பது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. வெட்கத்தை விட்டு இங்கே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

கிரிம் சகோதரர்கள் தொகுத்த ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மாவரைக்கும் ஆலைக்காரன் ஒருவன், என் மகள் வைக்கோலைத் தங்கமாக நூற்பாள் என்று ராஜாவிடம் பீற்றிக்கொள்கிறான். ராஜா அவளை வைக்கோல் நிறைந்த அறையில் ஒரு ராட்டையோடு பூட்டிவிட்டு, விடிவதற்குள் நூற்காவிட்டால் உயிர் போகும் என்கிறான். எங்கிருந்தோ ஒரு குள்ளன் வந்து நூற்றுக்கொடுக்கிறான். முதல் ராத்திரிக்குக் கூலி கழுத்துமாலை, இரண்டாம் ராத்திரிக்கு மோதிரம், மூன்றாம் ராத்திரி கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாததால் அவளுக்குப் பிறக்கப்போகும் முதல் பிள்ளை. அவள் ராணியாகிறாள், பிள்ளை பிறக்கிறது, குள்ளன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் அழுவதைப் பார்த்து, மூன்று நாளைக்குள் என் பெயரைச் சொல்லிவிட்டால் பிள்ளையை நீயே வைத்துக்கொள் என்கிறான். அவன் காட்டுக்குள் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டே தன் பெயரைப் பாடியதை ஓர் ஆள் கேட்டுவந்து சொல்ல, அவள் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அவன் ஆத்திரத்தில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான்.

இதை மந்திரமே இல்லாமல், நடந்திருக்கக்கூடிய கதையாக, ஜெர்மனியிலேயே வைத்து எழுத ஆசை. (ராட்டையும் தறியும் கொங்குப் பக்கமே இருக்கிறதே, இங்கே கொண்டுவந்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. அந்தக் குளிரும் அந்த நீராலையும் போய்விட்டால் அது வேறு கதை.)

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வைக்கோல் எப்படித் தங்கமாகும்? முதல் வரைவில் குள்ளனை ரசவாதியாக்கி, வைக்கோலுக்குள் தங்கத்தூளை ஒளித்துவைத்து ஏமாற்றுகிறான் என்று எழுதினேன். இரண்டாவதில் கள்ள நாணயம். இரண்டையும் படித்துவிட்டு என் கணவர், "துப்பறியும் கதை மாதிரி இருக்கு, கொலை எப்போ?" என்று கேட்டார். மூன்றாவதில் அவனை வட்டிக்கு விடுகிறவனாக்கினேன். அவள் அப்பாவின் கடனை அடைக்கிறான், பதிலுக்குப் பிள்ளையைக் கேட்கிறான். கதை ஓரளவு ஓடுகிறது, ஆனால் ராட்டைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது, ஓரமாகக் கிடக்கிறது.

அடுத்தது, பிள்ளை எதற்கு அவனுக்கு? அப்புறம் அந்தப் பெயர். மந்திரம் இல்லாத உலகத்தில் ஒருவன் பெயரைக் கண்டுபிடித்தால் என்ன ஆகிவிடும், அவன் ஏன் தோற்றுப்போக வேண்டும்?

எந்தக் காலத்தில் வைப்பது என்பதும் தெரியவில்லை, இப்போதைக்கு "முன்னொரு காலத்தில்" என்று மழுப்பி வைத்திருக்கிறேன்.

வெட்டிப்பேச்சு:

மந்திரக் கதையில் மந்திரத்தை எடுத்துவிட்டு எழுதுவது, பாயசத்தில் வெல்லத்தை எடுத்துவிட்டுக் குடிப்பது மாதிரி. சர்க்கரைக்காரர்கள் வேறு வழியில்லாமல் குடிக்கிறார்கள், உங்களுக்கு என்ன வந்தது? குள்ளன் வந்தான், நூற்றான், போனான். ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரிகிறது. நமக்குத்தான் ரசீது வேண்டியிருக்கிறது.

கதிர்நூல்:

அம்மா, நான் எழுத்தாளன் இல்லை. முப்பத்தோரு வருடம் நூல் மில்லில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ராட்டைக்கு வேலையில்லை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் கை பரபரத்தது, அதனால் எழுதுகிறேன்.

அந்த அறையில் கிடந்தது வைக்கோல்தானா என்று முதலில் பாருங்கள். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் வீட்டு ராட்டையில் நூற்றது பெரும்பாலும் கம்பளியும் ஆளி நாரும்தான். (ஆளிவிதை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிறார்களே, இப்போது உடம்பு இளைக்க ஆளாளுக்குத் தயிரில் போட்டுச் சாப்பிடுகிறார்கள், அதே செடி. அதன் தண்டிலிருந்து எடுக்கும் நாரில் நெய்வதுதான் லினன்.) செடி நீலமாகப் பூக்கும், காலையில் விரிந்த பூ மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். முற்றியதும் அறுக்க மாட்டார்கள், நாரின் நீளம் குறைந்துவிடுமே, வேரோடு பிடுங்குவார்கள். காயவைத்து, விதையை உருவி எடுத்துவிட்டு, கட்டுக் கட்டாகக் குளத்தில் அமுக்கி ஊறப்போடுவார்கள், இல்லையென்றால் புல்தரையில் பரப்பிப் பனியில் வாரக்கணக்கில் கிடக்க விடுவார்கள். தண்டோடு நாரை ஒட்டவைத்திருக்கும் பசை அழுகினால்தான் நார் பிரியும். எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம். அங்கே கயிறு திரிக்கக் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, காயல் சேற்றில் புதைத்து அழுகவிடுவார்கள். அதே வித்தைதான், நாற்றமும் ஏறக்குறைய அதேதான். அப்படி ஊறிய ஆளியை எடுத்துக் காயவைத்தால் பார்க்க எப்படி இருக்கும் என்கிறீர்கள்? சாட்சாத் வைக்கோல். ஜெர்மன்காரர்களே அந்த நிலையில் அதை "ஆளி வைக்கோல்" என்ற பொருள் வரும் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் அதை மர நொறுக்கியில் வைத்து நொறுக்கி, சக்கையைத் தட்டி உதிர்த்து, கம்பி முள் அடித்த பலகையில் வாரு வாரென்று வாரினால், கை நிறைய எடுத்த வைக்கோலில் கடைசியாக ஒரு சின்னப் பிடி மிஞ்சும். அதை வெயிலில் பிடித்துப் பாருங்கள், லேசான மஞ்சள், பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு. பொன்னிறக் கூந்தலுக்கு அந்த ஊர்க்காரர்கள் இந்த நாரைத்தான் உவமை சொல்வார்கள். ஆக வைக்கோலிலிருந்து பொன் இழை எடுப்பதில் மந்திரம் கிடையாது, குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு வீடு நடந்த வேலை அது. "விடிவதற்குள்" என்று ராஜா சொன்னானே, மந்திரம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு சட்டைக்குத் துணி ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். முரட்டுத் துணியாகவே இருக்கட்டும், சென்டிமீட்டருக்கு 12 இழை. பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைக்கு, 1,200 இழை, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர், 3,000 மீட்டர் ஆயிற்று. குறுக்கே ஓடும் ஊடைக்கும் அதே 3,000. மொத்தம் 6 கிலோமீட்டர் நூல். கைதேர்ந்த ஒரு பெண் மணிக்கு 200 மீட்டர் நூற்கிறாள் என்று தாராளமாக வைத்தாலும் 30 மணி நேரம். அதாவது கண் கொட்டாமல் ஒரு ராத்திரி நூற்றால் பாதிச் சட்டை. ஓர் அறை நிறைய என்றால் எத்தனை கை வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குள்ளன் ஓர் ஆளாக இருக்கவே முடியாது.

செம்பருத்தி:

ஐயா, கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். ஓர் ஆள் இல்லையென்றால் அந்த ராத்திரியில் அறைக்குள் யார்தான் வந்தது?

ஏட்டுச்சுவடி:

ஆள் யார் என்பதை மற்றவர்கள் சொல்லட்டும், காலத்தை நான் சொல்கிறேன். 1810 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊர் காசெல், அல்லது அதைச் சுற்றிய ஹெஸ்ஸே கிராமம் ஏதாவது ஒன்று.

கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி அச்சாகி வந்தது 1812 டிசம்பரில். அதற்கு முன்னால் 1810இல் அவர்கள் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதி ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். ஒரு சிறுமியிடம் ஆளி நாரைக் கொடுத்து நூற்கச் சொல்கிறார்கள். அவள் எவ்வளவு நூற்றாலும் தங்க இழையாகவே வருகிறது, நல்ல நூல் ஒரு முழம்கூட வரமாட்டேனென்கிறது. அதற்காக அவள் உட்கார்ந்து அழுகிறாள். தங்கம் வந்தால் எதற்கு அழ வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவளிடம் கேட்டது நூல், தங்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் உதைதான் கிடைக்கும். வைக்கோலும் பேராசைக்கார ராஜாவும் அச்சுக்குப் போன பதிப்பில்தான் வருகிறார்கள். அதேபோல், தன்னை இரண்டாகக் கிழித்துக்கொள்வதும் 1812இல் கிடையாது. கோபத்தோடு ஓடிப்போனான், திரும்பி வரவேயில்லை என்று முடிகிறது. கிழிப்பது 1819 பதிப்பில் சேர்ந்தது. மந்திரமில்லாத கதைக்கு அந்தப் பழைய முடிவு உங்களுக்குத் தோதாக இருக்கும்.

அப்போது காசெலில் யார் ராஜா தெரியுமா? நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோம். பிரஷ்யாவைத் தோற்கடித்த கையோடு 1807இல் அண்ணன் "வெஸ்ட்ஃபாலியா ராஜ்யம்" என்று புதிதாக ஒன்றை வெட்டி ஒட்டி, 22 வயசுத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அரண்மனையில் நித்தமும் விருந்து, நாடகம், நடனம், கஜானாவில் கடன். ஜனங்கள் "குஷி ராஜா" என்று பொருள்படப் பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த ராஜாவின் நூலகர் யார் என்றால் யாக்கோப் கிரிம், 1808 முதல். பகலில் தங்கத்துக்கு அலையும் ராஜாவின் புத்தகங்களை அடுக்கிவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து வைக்கோலைத் தங்கமாக்கச் சொன்ன ராஜாவின் கதையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்! இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாவல் எழுதுகிறவர் இதை விட்டால் பாவம்.

இன்னொன்று, கதிர்நூல் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். அதே 1810இல்தான் நெப்போலியன், ஆளி நாரை நூற்கும் இயந்திரம் செய்துகாட்டுகிறவருக்குப் பத்து லட்சம் பிராங்க் பரிசு என்று அறிவித்தார். இங்கிலாந்தின் பருத்தித் துணியை ஐரோப்பாவுக்குள் விடக் கூடாது, அதற்குப் பதிலாக லினன் மலிவாக வேண்டும், அதுதான் நோக்கம். ஆலைக்காரன் பீற்றிக்கொண்டதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஊரெல்லாம் "நூற்கிற வித்தையில் லட்சம் லட்சமாக வரும்" என்று பேச்சு. குடித்துவிட்டு ஒருவன், என் மகள் பத்துப் பேர் வேலையை ஒரே ராத்திரியில் முடிப்பாள் என்று வாய் விடுகிறான், கேட்கக் கூடாதவன் காதில் விழுகிறது.

அந்தக் "கேட்கக் கூடாதவன்" ராஜாவாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ராஜா ஆலைக்காரன் மகளைக் கல்யாணம் செய்யமாட்டார், அதற்கும் மந்திரம் வேண்டியிருக்கும். பட்டாளத்துக்குச் சட்டைத் துணி தருவதாகக் குத்தகை எடுத்த லினன் வியாபாரி ஒருவனை வையுங்கள், பெண்டாட்டி செத்து ஒரு வருடம் ஆனவன். கெடு நெருங்குகிறது, கையில் நூல் இல்லை. அவன் செய்வான், லாபம் பார்த்தே செய்வான்.

பட்டாளம் என்றதும் நினைவு வருகிறது. வைக்கோலைத் தங்கமாக்குவதை ஹெஸ்ஸே-காசெல் பிரபுக்கள் அதற்கு ஒரு தலைமுறை முன்பே செய்து காட்டிவிட்டார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு இங்கிலாந்திடம் வாடகை வாங்கிக்கொண்டு சொந்தக் குடியானவர் பிள்ளைகளில் சுமார் 19,000 பேரைக் கப்பலேற்றினார்கள். கஜானா நிறைந்தது. ஜெரோம் காலத்தில் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்து, 1812இல் ரஷ்யாவுக்குப் போன வெஸ்ட்ஃபாலியப் படை கிட்டத்தட்ட 28,000. திரும்பியது சொற்பம். அந்த ஊரில் "பிறக்கப்போகும் முதல் பிள்ளையைக் கொடு" என்றால் யாருக்கும் புதிதாகக் கேட்டிருக்காது. உங்கள் குள்ளனைப் படைக்கு ஆள் பிடிப்பவனாக்கலாமா என்று யோசியுங்கள்.

வெட்டிப்பேச்சு:

தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பட்டாளத்துக்கு எப்படி எடுப்பது? பதினெட்டு வருடம் வாசலில் காத்திருப்பானா? பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் நெப்போலியனே செத்துவிடுவார்.

ஏட்டுச்சுவடி:

சரி, அது ஓடாது, ஒப்புக்கொள்கிறேன்.

நிழற்குடை:

செம்பருத்தி, முதலில் ஒரு விஷயம், கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். அந்த வட்டிக்கு விடுகிறவன் வரைவைக் கிழித்துப் போட்டுவிடு தங்கச்சி. குள்ளமாக, அவலட்சணமாக, ஊருக்கு வெளியே இருந்துகொண்டு, கடன் கொடுத்துக் கிறிஸ்தவப் பிள்ளையைத் தூக்கிப்போக வருகிறவன் என்று ஜெர்மனியில் வைத்து எழுதினால், நீ பெயர் சொல்லாவிட்டாலும் அங்கே அது யூதரைத்தான் குறிக்கும். யூதர்கள் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற பொய்யைச் சொல்லியே பல நூற்றாண்டாக ஐரோப்பாவில் அவர்களைக் கொன்றிருக்கிறார்கள். இதே கிரிம் தொகுப்பில் ஒரு யூதரை முள்ளுக்குள் ஆடவைத்து, கடைசியில் தூக்கில் தொங்கவிட்டுச் சந்தோஷப்படும் கதை ஒன்றும் இருக்கிறது. உனக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை என்று தெரியும். ஆனால் கதையை அதன் ஊரிலேயே வைப்பேன் என்று சொல்கிறாய், அந்த ஊரின் இந்த மிச்சமும் கூடவே வரும்.

இப்போது அறைக்குள் வந்தது யார் என்ற கேள்வி. கதிர்நூல் ஐயா கணக்கைச் சொன்னபோதே எனக்கு அதே தொகுப்பிலிருக்கும் இன்னொரு கதை ஞாபகம் வந்தது, மூன்று நூற்பவர்கள் கதை. அதிலும் ஒரு பெண்ணால் நூற்க முடியவில்லை, அறை அறையாக ஆளி நார். மூன்று கிழவிகள் வந்து நூற்றுக்கொடுக்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு பாதம் தட்டையாக விரிந்திருக்கிறது, ஒருத்திக்குக் கீழுதடு தாடைக்குக் கீழே தொங்குகிறது, ஒருத்திக்குக் கட்டைவிரல் அகலமாகப் பருத்திருக்கிறது. கூலியாகக் கேட்பது, உன் கல்யாணத்தில் எங்களை அத்தை என்று சொல்லிப் பந்தியில் உட்காரவை என்பது மட்டும்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை, உங்களுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கிறான். மிதித்து மிதித்துப் பாதம், எச்சில் தொட்டுத் தொட்டு உதடு, முறுக்கி முறுக்கி விரல் என்கிறார்கள். அவன் பயந்துபோய், என் பெண்டாட்டி இனி ராட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறான். இதில் எங்கே மந்திரம்? ஒருவருடைய உழைப்பை இன்னொருவர் பெயரில் காட்டிய கதை. ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கினும் அதுதான் என்று நினைக்கிறேன். நூற்றது யார் என்று யாருமே கேட்காத இடத்தில் ஒரு குள்ளனை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அதனால் என் யோசனை இது. லினன் ஊர்களில் வீடு வீடாகப் போய் நூல் சேகரிக்கும் ஆட்கள் இருந்தார்கள். நாலு சிட்டம் (நூல் சுருள்) இங்கே, ஆறு சிட்டம் அங்கே என்று வாங்கி மூட்டை கட்டி வியாபாரியிடம் சேர்ப்பவர்கள். உன் ஆள் அப்படி ஒருவனாக இருக்கட்டும், கால் ஊனமானவன். அமெரிக்காவுக்கு விற்கப்பட்டுத் திரும்பிவந்த சிப்பாய் என்று வைத்தால் 1810இல் ஐம்பத்தைந்து, அறுபது வயசு, பொருந்தும். எந்த வீட்டில் எத்தனை ராட்டை, யாருக்கு விரல் வேகம், யார் வீட்டில் பசி என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ராத்திரி பின்வாசல் வழியாக ஆளி மூட்டைகளை எடுத்துப்போகிறான், விடிவதற்குள் முப்பது வீட்டு நூலோடு வருகிறான். அவள் கழுத்துமாலையை அவன் வைத்துக்கொள்ளவில்லை, முப்பது வீட்டுக்கும் ரொட்டியாகப் போகிறது. இரண்டாம் ராத்திரி மோதிரமும் அப்படியே. மூன்றாம் ராத்திரி கடன்.

பிள்ளை எதற்கு என்றால், கதையில் அவனே சொல்கிறானே, உலகத்திலுள்ள பொக்கிஷம் எல்லாவற்றையும்விட உயிருள்ள ஒன்று எனக்குப் பெரிது என்று. அந்த ஒரு வரியை வைத்தே எழுதிவிடலாம். நிலமில்லாதவனுக்கு, கையில் காசில்லாதவனுக்குக் கல்யாணம் செய்யவே அனுமதி கிடைக்காத பகுதிகள் ஜெர்மனியில் பல இருந்தன. அவனுக்கு வீடு கிடையாது, வாரிசு கிடையாது, இன்னும் பத்து வருடத்தில் நடக்க முடியாது. ஏழை வீட்டில் ஆறேழு வயசுப் பிள்ளை ராட்டையில் உட்கார்ந்துவிடும். அவனுக்குப் பிள்ளை என்றால் பாசமும்தான், கஞ்சி ஊற்றும் ஒரு ஜோடி கையும்தான். இரண்டையும் கலந்து எழுது, எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியக் கூடாது.

பெயருக்கு வருகிறேன். ஜெர்மனில் அதன் முதல் பாதி கடகடவென்று சத்தம் போடுவது, பின்பாதிக்குக் கட்டைக்கால், நொண்டிக்கால் என்ற சாயல் உண்டு. 1575இல் வந்த ஒரு நூலில் பிள்ளைகள் விளையாட்டுகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது, அதிலேயே இந்தப் பெயர்ச் சாயலில் ஒரு விளையாட்டு வருகிறது. ஆக இது ஞானஸ்நானப் பெயர் கிடையாது, தெருப்பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து கத்தும் பட்டப்பெயர். நம் ஊரில் வைத்தால் "கடகடக்காலன்". மரக்காலோடு படியேறும்போது வருகிற சத்தம். இப்போது அந்தக் கடைசிக் காட்சியை யோசித்துப் பார். வியாபாரியின் மனைவி, நல்ல கம்பளி உடுத்தி, வேலைக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு, தன் உயிரைக் காப்பாற்றியவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் திரும்பிப் போய்விடுகிறான், அதற்கப்புறம் வரவேயில்லை.

வெட்டிப்பேச்சு:

அக்கா, இது நன்றாயிருக்கிறது, நான் பாயசத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. அவன் ஏன் பெயரைச் சொல்லிவிடு, விட்டுவிடுகிறேன் என்று பந்தயம் வைக்க வேண்டும்? பட்டப்பெயர்தான் ஊருக்கே தெரியுமே.

நிழற்குடை:

ஊருக்குத் தெரியும் தம்பி, அவளுக்குத் தெரியாது. மூன்று ராத்திரி தன்னோடு இருந்தவன் பெயரைக் கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை. அவன் வைத்ததைப் பந்தயம் என்று அவள் நினைத்தாள். அவன் கேட்டது, என் பெயராவது தெரியுமா உனக்கு என்று. சொந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போயிருப்பான்.

வெட்டிப்பேச்சு:

சொந்தப் பெயர் என்ன?

நிழற்குடை:

அதை எழுதுகிறவள் சொல்லட்டும். சொல்லாமல் விட்டாலும் சரி.

கதிர்நூல்:

நிழற்குடை அம்மா சொன்ன உதடு விஷயத்துக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ஆளி நாரில் ஒரு பசை இருக்கும், ஈரம் பட்டால்தான் இளகி இழை வழவழப்பாகச் சேரும், அதனால்தான் எச்சில் தொட்டார்கள். ஏட்டுச்சுவடி சொன்ன பத்து லட்சம் பிராங்க் பரிசுக்காக பிலிப் தெ ஜிரார் என்ற பிரெஞ்சுக்காரர் அதே 1810இல் இயந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். அவருடைய வித்தை என்ன தெரியுமா? நாரை வெந்நீரில் நனைத்து இழுப்பது. கிழவிகளின் எச்சில்தான் அது. பரிசுப் பணம் கைக்கு வருவதற்குள் நெப்போலியனே கவிழ்ந்துவிட்டார், அது வேறு கதை. மில் நூல் மலிந்ததும் முப்பது நாற்பது வருடத்துக்குள் ஜெர்மனியில் கையால் நூற்றுப் பிழைத்த குடும்பங்கள் அடியோடு விழுந்துபோயின. வேகத்துக்கு ஆசைப்பட்டு அந்தப் பெண்ணைப் பூட்டிவைத்தானே வியாபாரி, அவனுக்கு வேண்டியது உண்மையில் ஓர் இயந்திரம். பின்கதையில் எங்காவது ஒரு வரி வையுங்கள், நீட்டி எழுத வேண்டாம்.

ஒரு திருத்தமும் உண்டு. ஒரே ராத்திரியில் முப்பது வீட்டுக்கும் நடந்து நார் கொடுத்து, நூற்கவைத்து, திரும்ப வாங்கி வருவது கால் ஊனமானவனால் ஆகாது, நல்ல காலுள்ளவனாலும் ஆகாது. நார் ஏற்கெனவே வீடுகளில் இருக்க வேண்டும், நூற்ற சிட்டமும் ஓரளவு இருக்க வேண்டும். அதாவது வியாபாரிக்கு விலை போதாது என்று முப்பது வீடும் நூலைப் பதுக்கிவைத்திருக்கிறார்கள், எங்கே பதுக்கினார்கள் என்பது இவனுக்குத் தெரியும். அப்படியானால் அவன் கொண்டுவந்து கொடுத்தது அவர்களுடைய பேரத்தை. மூன்றாம் ராத்திரிக்குப் பிறகு ஊரில் அவன் முகத்தில் யார் முழிப்பார்கள்? காட்டில் தனியாக நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கக் காரணம் கிடைத்துவிட்டதே.

ஏட்டுச்சுவடி:

ஐயா, முப்பத்தோரு வருடம் மில்லில் நூலா நூற்றீர்கள்?

கதிர்நூல்:

மேற்பார்வை. ஸ்டாக் கணக்கில் எங்கே ஒளித்துவைப்பார்கள் என்று தெரியும்.

செம்பருத்தி:

எல்லோருக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன், நேற்று ராத்திரி தூங்கவில்லை. நாற்பது பக்கத்தில் முப்பத்திரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன், வட்டிக்கு விடுகிறவன் முழுதாகப் போய்விட்டான், நிழற்குடை அக்காவுக்கு நன்றி, அது எனக்கு உறைக்கவேயில்லை. 1810, காசெலுக்கு வெளியே ஒரு கிராமம். ராஜா ஒரே ஒரு முறை வருகிறார், அதுவும் தூரத்தில் வண்டிக்குள், வெள்ளைக் கையுறை மட்டும் தெரிகிறது.

பதுக்கல் விஷயம் கதையையே மாற்றிவிட்டது. இதுவரை அவளும் அவனும் மட்டும்தான் இருந்தார்கள், இப்போது முப்பது வீடு இருக்கிறது. மூன்றாம் ராத்திரி அவன் கடைசி மூட்டையை இறக்கும்போது அவள் "இது யார் வீட்டு நூல்?" என்று கேட்கிறாள், அவன் சொல்கிறான், அவளுடைய அத்தை வீடு. அவள் அதையும் வாங்கிக்கொள்கிறாள். அந்த இடம் வரை எழுதியாயிற்று. பிள்ளையை அவன் பார்க்க வரும் இடம்தான் இன்னும் பயமாக இருக்கிறது. கூலியாகக் கேட்டானா, பேரனாகக் கேட்டானா என்று எழுத எழுத மாறிக்கொண்டே இருக்கிறது.

கதையை ஆலையில் ஆரம்பிக்கவில்லை, குளத்தில் ஆரம்பிக்கிறேன். ஊறிய ஆளியைப் பெண்கள் கரையேற்றுகிறார்கள், இவளும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். கதிர்நூல் ஐயா, ஒரு சின்னச் சந்தேகம், இதை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. அந்த ஊறல் நாற்றம் கையை விட்டுப் போக எத்தனை நாளாகும்?

கதிர்நூல்:

ஆளி ஊறல் நான் தொட்டதில்லை அம்மா, கதம்பல் ஊறல் தெரியும். என் அம்மா பத்து வருடம் மட்டை அடித்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் அன்றைக்கே போய்விட்டது மாதிரி இருக்கும். ராத்திரி சுடுசோற்றில் கை வைத்ததும் ஆவியோடு கிளம்பி வரும். அவர்கள் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள், நாங்கள் பிள்ளைகள் அதைக் கிண்டல் செய்வோம்.